கடலுக்கு உப்புப் போட்டேன்!

சாம்பாருக்கு உப்புப் போட்டிருப்பீர்கள். ஊறுகாய்க்குப் போட்டிருப்பீர்கள். மறந்துபோய் இரண்டு தரம் போட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருப்பீர்கள். ஆனால் கடலுக்கு உப்புப் போட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. அதிலும் உப்பைக் கூடப் போட்டுவிட்டு, ஐந்து நாள் பரிகாரம் தேடிய அனுபவமும் உண்டு.

எங்கள் வீடு வேளச்சேரிப் பக்கம், இரண்டாவது மாடி. கூடத்தில், பூஜை அலமாரிக்கு எதிர்ப்புறம், 200 லிட்டர் ஜலம் பிடிக்கும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் இருப்பது சாதாரண மீனல்ல, கடல் மீன். 2022-ஆம் வருஷம் என் பிள்ளை இந்தத் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, "இதென்னடா கண்ணாடிச் சவப்பெட்டி மாதிரி!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடக்கூடாதுதான். ஒரே வாரத்தில் அது அப்படியே பலித்துவிட்டது.

மீன் விற்ற கடைக்காரர், "இன்றைக்கே தண்ணீர் ஊற்றி இன்றைக்கே மீனை விடலாம் சார்" என்று சொல்லி நான்கு மீன்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நீலம், மஞ்சள் என்று ரவிக்கைத் துணி மாதிரி பளபளவென்று இருந்தன. மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் இரண்டு, ஏழாம் நாள் கடைசி ஒன்று. ஜலம் என்னவோ பளிங்குபோலத் தெளிவாக இருந்தது! பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கோ, நம் வீட்டில் நான்கு உயிர் போயிற்றே என்று மனசு கேட்கவில்லை. "தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. இந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்றேன்.

"பாவம் மீனை வளர்த்ததிலே இல்லை அம்மா, தெரியாமல் வளர்த்ததிலேதான்" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சரி, தெரிந்துகொள்ளலாம் என்று நானும் உட்கார்ந்தேன்.

பாற்கடலைக் கடைந்தபோது அமிர்தத்துக்கு முன்னால் விஷம் வந்தது என்று கேட்டிருக்கிறோம் அல்லவா? வீட்டுக் கடலிலும் அப்படித்தான். முதலில் வருவது விஷம். அதற்குப் பெயர் அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட இரையிலிருந்தும் அது சதா உண்டாகிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்ல தண்ணீர் மீனைவிடக் கடல் மீனுக்கு இதில் ஆபத்து அதிகம். காரணம், கடல்ஜலத்தில் காரம் கூடுதல், அதைப் பி.எச். என்ற கணக்கில் 8.1, 8.2 என்று சொல்கிறார்கள். பி.எச். ஒன்று ஏறினால் அம்மோனியாவில் கொடிய ரூபத்தில் இருக்கும் பங்கு சுமார் 10 மடங்காகிறது. எங்கள் நான்கு மீன்களும் தங்கள் கழிவாலேயே செத்தன என்பதுதான் வாஸ்தவம்.

இந்த விஷத்தை உண்ணும் நீலகண்டர்கள் உண்டா? உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு ஜாதி அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு ஜாதி அந்த நைட்ரைட்டைத் தின்று, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட்டை நாம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கொஞ்சம் ஜலத்தை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பாலைக் காய்ச்சி உறை குத்திவிட்டு அடுத்த நிமிஷமே கவிழ்த்துப் பார்த்தால் தயிரா இருக்கும்? நாங்கள் செய்தது அந்தக் காரியம்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. மீன் இல்லாத தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு ஆகாரம் வேண்டுமே! அதற்குச் சுலபமான வழி, ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுவதாம். எங்கள் வீட்டில் அதெல்லாம் புழங்குவதில்லை. பிள்ளைக்கு ஆபீஸ். கடைசியில் நானே கூடையை எடுத்துக்கொண்டு, முக்காடு போடாத குறையாக, மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாளிடம் போய் நின்றேன்.

"எத்தனை கிலோ?" என்றாள்.

"ஒண்ணு."

"ஒரு கிலோவா?"

"இல்லை, ஒரே ஒரு இறால்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஆனால் காசு வாங்கவில்லை. "கடல்லேருந்து வந்தது கடலுக்கே போவட்டும்" என்று இலையில் சுற்றிக் கொடுத்தாள். அது அழுகிய வாரத்தில் எதிர் வீட்டு மாமி இரண்டு தரம் வந்து, "உங்கள் வீட்டில் எலி ஏதாவது..." என்று இழுத்துவிட்டுப் போனதை இங்கே விஸ்தரிக்க வேண்டாம்.

தினமும் சாயங்காலம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டி ஜலம் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்போம். எங்களிடம் இருந்த மருந்தில், மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற விஷம் ஏறுகிறது என்று அர்த்தம். முதல் வாரம் கிளிப்பச்சை. மூன்றாம் வாரம் வெளுத்தது. உடனே நைட்ரைட் பரீட்சையில் கத்தரிப்பூ நிறம் காட்டிற்று. ஐந்தாம் வாரக் கடைசியில் இரண்டும் ஒழிந்தன. பரீட்சையில் பிள்ளை பாஸான செய்தி வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

'வேளச்சேரியிலிருந்து கடற்கரை எத்தனை தூரம்? ஒரு குடம் மொண்டு வந்தால் தீர்ந்தது, உப்பு எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டவள்தான். ஆனால் நம் கரையோரத்து ஜலத்தில் அடையாறும் கூவமும் ஊரின் சாக்கடையைக் கொண்டுவந்து கலக்கின்றன. போதாததற்கு, 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலெல்லாம் எண்ணெயானது ஞாபகம் இருக்கும். தவிரவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆற்று வெள்ளம் கலந்து வங்காள விரிகுடாவின் உப்பே குறைந்துபோகும். ஆகவே கடலை நாமே தயார் செய்வதுதான் உசிதம்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 7 கிலோ! ரேஷன் கடை உப்பு உதவாது. கடல் உப்பில் நூற்றுக்கு 85 பங்குதான் நாம் சாப்பிடும் உப்பின் சரக்கு. மீதியில் மக்னீஷியம், கந்தகச் சத்து, கால்ஷியம், பொட்டாஷியம் எல்லாம் அதனதன் அளவில் இருக்கின்றன. அதற்கென்றே கலந்து விற்கிற உப்பு தனி. கரைக்கும் ஜலத்திலும் ஆசாரம் உண்டு. ஆழ்குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, மேலும் ஒரு பிசின் வடிகட்டியில் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு குடம் நல்ல ஜலத்துக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகிறது. 2019 கோடையில் ஒரு குடத்துக்காக லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது. எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கழிவு ஜலத்தை ஒரு சொட்டு விடாமல் பிடித்து, வீடு துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வைத்துக்கொள்கிறேன்.

முதல் தரம் உப்புக் கரைக்க, கல்யாண சீராக வந்த என் செப்பு அண்டாவைத் துலக்கி, பளபளவென்று கொண்டுவந்து வைத்தேன். பிள்ளை அலறிய அலறலில் அடுப்பில் பால் பொங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. செம்பு கடல் ஜீவன்களுக்கு ஆகாது. மீனின் மேல் வெள்ளைப் புள்ளி வியாதி வந்தால் அளந்து கொடுக்கும் மருந்தே செம்புதானாம். அதே மருந்து தொட்டியில் இருக்கும் கடல் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். செப்புக் குடத்து ஜலம் நமக்கு ஆரோக்கியம், அவற்றுக்கு யமன். அண்டா திரும்பப் பரண் ஏறிற்று. பிளாஸ்டிக் டிரம் வந்தது. ஜலத்தில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், உப்பின் மேல் ஜலத்தை ஊற்றக்கூடாது. ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து பிரிந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும். ஒரு நாள் முழுதும் சின்ன மோட்டார் போட்டுக் கலக்கிவிட்டுப் பிறகுதான் தொட்டியில் சேர்க்கலாம்.

எல்லாம் சித்தமான பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கடலில் பிடித்தவை அல்ல. தொட்டியிலேயே பொரித்து வளர்ந்தவை. நம் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் விஞ்ஞானிகள் இந்த ஜாதியைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதில் எனக்கு ஒரு திருப்தி. பவழம் வைக்கவில்லை. நம் தேசத்தில் பவழப் பாறைகள் 2001 முதல் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து விற்றாலும் வாங்குவது குற்றம். சுட்ட மண்ணில் செய்த பாறைகளும் ஒரு சின்ன மண் சட்டியும் வைத்தோம். சட்டிதான் தம்பதிகளுக்கு அந்தப்புரம்.

தம்பதி என்றேனே, இந்த ஜாதியில் ஒரு விசித்திரம் கேளுங்கள். குஞ்சுகள் எல்லாம் பிறக்கும்போது ஆண். கூட்டத்தில் பெரியதாக வளர்ந்து அதிகாரம் செலுத்துவது பெண்ணாகிவிடும். வீட்டம்மாள் இறந்தால், அடுத்தபடியில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறி அந்த ஸ்தானத்தை ஏற்கும். எங்கள் தொட்டியிலும் பெரியவள் போகிற பக்கமெல்லாம் சின்னவன் உடம்பை நெளித்துக்கொண்டு பின்னாலேயே போவான். சகோதரிகளே, பார்க்கப் பரம திருப்தியாக இருக்கும்!

2023 மே மாதம் பிள்ளைக்குப் புனாவில் உத்தியோகம் மாற்றலாயிற்று. ரயில் ஏறுகிறபோது, "உடம்பைப் பார்த்துக்கோ அம்மா" என்று சொல்லவில்லை. "உப்பைப் பார்த்துக்கோ அம்மா" என்றான்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். அந்தக் கோடையில் தினம் 2 லிட்டர் ஆவியாகிப் போயிற்று. கோடு கீழே இறங்கியதைப் பார்த்து, என் புத்திசாலித்தனத்தால், தயாராக இருந்த உப்பு ஜலத்தை எடுத்து நிரப்பினேன். 15 நாள் இப்படி. பெரியவள் இரையைத் துப்ப ஆரம்பித்தாள். ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமாக ஒரு கருவி. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.030! புனாவுக்குப் போன் பறந்தது. "அம்மா, ஆவியாகிறது தண்ணீர்தானே, உப்பு இல்லையே!" என்றான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கொதித்து வற்றிய ரசத்தில் வெந்நீர் விடுவோமா, உப்புப் போடுவோமா? முப்பது வருஷமாகச் சமைக்கிறவள் நான்! நாளுக்கு 5 லிட்டர் உப்பு ஜலத்தை எடுத்து, 5 லிட்டர் வடித்த நல்ல ஜலம் விட்டு, ஐந்து நாளில் மெதுவாக இறக்கினேன். ஒரே நாளில் இறக்கியிருந்தால் அதுவும் அவற்றுக்கு அதிர்ச்சிதான்.

அதற்குப் பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய ஜலத்தின் காரச்சத்து குறைந்துகொண்டே வரும். அதை ஈடுசெய்வது என்ன தெரியுமா? நம் சமையல் சோடா! பேக்கிங் பவுடர் அல்ல, வேறெதுவும் கலக்காத சோடா மாவு. எங்கள் தொட்டிக்கு 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே, நல்ல ஜலத்தில் கரைத்து மெதுவாக விட்டால் பரீட்சைக் கணக்கில் ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் ஏற்றக்கூடாது. ஆனால் பி.எச். இறங்கியதென்று கண்டதும் சோடாவைத் தூக்கக்கூடாது என்பதையும் ஒரு விசேஷத்தின்போது தெரிந்துகொண்டேன். நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர் கூடத்தில் ஜன்னலெல்லாம் சாத்தி ஏ.ஸி. போட்டுப் படுத்தார்கள். காலையில் பி.எச். 7.8. ஒன்பது பேர் விட்ட மூச்சு ஜலத்தில் கரைந்திருக்கிறது! ஜன்னலைத் திறந்துவைத்தேன். சாயங்காலம் தானே சரியாயிற்று. செலவு காலணா இல்லை.

அப்புறம் வந்தது அந்த மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி விடியற்காலை மின்சாரம் போயிற்று. கீழே தெருவே ஏரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் முதல் நாளே மழைக்குப் பயந்து எங்களோடு தங்கிவிட்டாள். இன்வெர்ட்டர் கிடையாது. பிள்ளை வாங்கி வைத்திருந்த பாட்டரிக் காற்றுக் கருவி இருட்டும் வரையில் குமிழி விட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

அப்போது எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. பிள்ளை எப்போதோ படித்துச் சொன்னது. 1846-இல் ஆனா தின் என்ற இங்கிலீஷ் சீமாட்டி, டார்க்கே கடற்கரையிலிருந்து சில பவழ ஜீவன்களை லண்டனுக்குக் கொண்டுபோனாள். அவள் புருஷன் பாதிரியார். லண்டனில் கடலுக்கு எங்கே போவது? வேலைக்காரியை ஜன்னலருகில் நிற்க வைத்து, தினம் அரை மணி, முக்கால் மணி அந்த ஜலத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னாளாம். காற்றுப் பட்டு ஜலம் உயிர் பெற்றது, பவழங்கள் பிழைத்தன.

ஊற்றத் தெரியாதவர்களா நாம்? காபி ஆற்றும் ஜாதியாயிற்றே! பிளாஸ்டிக் ஜக்கு இரண்டை எடுத்தேன். தொட்டியில் மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து, நுரை பொங்க ஆற்றி விட்டேன். கை ஓய்ந்தபோது அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். "நீங்க படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் குடிசைக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்று தெரியாத ராத்திரி அது. எங்கள் வீட்டு மீனுக்காக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனா தின்னின் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. ஜன்னலோரம் நின்று ஊற்றியவளின் பெயரைப் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை. அவன் படித்ததில் இல்லையாம்.

மறுநாளும் அப்படியே. இரை போடவில்லை, போட்டால் விஷம் கூடும். ராத்திரி மின்சாரம் வந்தது. வந்த சந்தோஷத்தில் நான் ஓடிப்போய் எல்லா சுவிட்சையும் தட்டினேன். அங்கேதான் கெட்டது. வடிகட்டி டப்பாவுக்குள் 40 மணி நேரம் காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்த ஜலம் கெட்டு, நுண்ணுயிர்கள் செத்து, அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டிற்று. அழுகிய முட்டை நாற்றம். முதலில் டப்பாவைத் திறந்து அந்த ஜலத்தைக் கீழே கொட்டி, உள்ளே இருப்பதைத் தொட்டி ஜலத்தில் அலசிவிட்டல்லவா ஓட்ட வேண்டும்? அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. டிரம்மில் இருந்த உப்பு ஜலத்தையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். காலையில் பெரியவள் சட்டியின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தாள். இரண்டு பேருமாக இரண்டு நாள் காப்பாற்றிய உயிரை நான் ஒரு சுவிட்சில் போக்கடித்தேன். அந்தப் பெண்ணும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. "மீன் சௌக்கியமா?" என்று கேட்பான். "சௌக்கியம்" என்பேன். 'மீன்' என்றால் நம் பேச்சில் ஒன்றும் உண்டு, இரண்டும் உண்டு. அந்தச் சௌகரியத்தில் காலம் தள்ளினேன். 2024 பிப்ரவரியில் விரல் நுனியளவில் ஒரு குஞ்சு வாங்கி விட்டேன். மூன்றாம் நாளே சின்னவன் அதை விரட்டி அதிகாரம் செய்ய ஆரம்பித்தான். மாதங்கள் ஆக ஆக உடம்பு பெருத்தது, நடையே மாறிற்று. குஞ்சு இப்போது அவனுக்கு முன்னால் நெளிந்தது.

தீபாவளிக்குப் பிள்ளை வந்தான். பெட்டியை வைத்ததும் தொட்டியண்டை போய்க் குனிந்து பார்த்தான்.

"இவள் கொஞ்சம் இளைத்துவிட்டாளே அம்மா?"

"இவள் அவள் இல்லைடா. இவள் அவன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சுவிட்சு உள்பட.

அவன் வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு அலமாரியிலிருந்து கருவியை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"1.025. சரியாக இருக்கே!"

"பின்னே? உப்புப் பார்க்காமல் நான் எதையாவது இறக்கி வைத்திருக்கிறேனா? போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா, இலை போட்டாச்சு" என்றேன்.